யாருடைய கனவு அது?

எங்கள் கேளம்பாக்கம் அபார்ட்மென்ட்டில் எதிர் வீட்டுப் பெண் காலேஜில் இரண்டாம் ஆண்டு. ஒரு மாதமாகவே கண்ணுக்குக் கீழே கருவளையம். “ராத்திரி பூரா போனா?” என்று கேட்டேன். “இல்ல ஆன்ட்டி, தூங்கவே பயமா இருக்கு” என்றாள்.

வாரத்தில் மூன்று நாள் ஒரே கனவாம். மணல், கூட்டம், கறுப்பாக எழும்பி வரும் தண்ணீர். யாருடைய கையையோ பிடித்திருக்கிறாள், கை நழுவுகிறது. மூச்சு முட்டி எழுந்துவிடுகிறாள். “கனவு மாதிரியே இல்ல. எனக்கு நடந்தது ஞாபகம் வர்ற மாதிரி இருக்கு ஆன்ட்டி.”

அவள் பிறந்ததே 2006-ல். ஆனால் அவள் பாட்டிக்குச் சந்தேகமே கிடையாது. “எங்க அக்காதான் வந்து பொறந்திருக்கா.” 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவும் தங்கையுமாக வேளாங்கண்ணி கடற்கரையில் நின்றிருக்கிறார்கள். தங்கை மட்டும் வீடு திரும்பினார். பேத்திக்கு அக்காவின் பெயரையே வைத்தார்கள். இங்கே உப்பளத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்தால்கூட பாட்டி இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

‘ஹிப்னாடிஸம் செய்து போன ஜென்மத்துக்கே கூட்டிப்போகிறார்களாம்’ என்று அவள் அம்மா பணம் கட்டத் தயாரானார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

மறுபிறவி என்றதும் நம் நாட்டில் பலரும் சொல்வது சாந்தி தேவியின் கதை. 1926-ல் டெல்லியில் பிறந்தவர். மதுராவில் தனக்குக் கணவரும் குழந்தையும் உண்டு என்று சின்ன வயதிலேயே சொன்னவர். 1935-ல் ஒரு குழுவே அவரோடு மதுராவுக்குப் போனது. இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடி இந்தியா, இலங்கை என்று அலைந்தவர் மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சன். மறுபிறவியைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட அவருக்கே, ஹிப்னாடிஸத்தில் வரும் ‘ஞாபகங்கள்’ மேல் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை.

காரணம் இருக்கிறது. 1952-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா டை என்ற பெண், ஹிப்னாடிஸத்தில் தான் முன்பு அயர்லாந்தில் வாழ்ந்த பிரைடி மர்ஃபி என்றார். அதைப் பற்றி வந்த புத்தகம் சக்கைப்போடு போட்டது. பத்திரிகைக்காரர்கள் துருவியபோது, அவர் சிறுவயதில் வளர்ந்த சிகாகோ வீட்டுக்கு எதிரிலேயே ஒரு அயர்லாந்துக்காரப் பெண்மணி இருந்தது தெரிந்தது. அவருடைய பிறந்த வீட்டுப் பெயர்? பிரைடி மர்ஃபி! (எதிர் வீட்டுக்காரர்கள் ஜாக்கிரதை. என்னையும் சேர்த்துத்தான்.)

இங்கே அவ்வளவு தூரம் துருவ வேண்டியதில்லை. வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் பாட்டி அந்தக் காலையைச் சொல்லி அழும்போது, மடியில் இருந்தவள் இவள். ‘குழந்தைக்கு என்ன புரியும்’ என்று விட்டுவிட்டார்கள். கேட்ட இடம் மறந்துபோகும், கேட்டது தங்கிவிடும். போதாததற்கு, நீதான் அக்கா என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாயிற்று.

இதைப் பாட்டியிடம் சொல்லத்தான் போனேன். காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இருபது வருஷமாக அவரைத் தாங்கி நிற்கும் நம்பிக்கையைப் பிடுங்க நான் யார்? மறுபிறவி உண்டா இல்லையா என்று தீர்ப்பு சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தப் பெண் தூங்கியாக வேண்டுமே.

காலேஜ் கவுன்சலர் ஒரு பயிற்சி கொடுத்தார். பகலில் கனவை நோட்டில் எழுதி, முடிவை மட்டும் இஷ்டப்படி மாற்ற வேண்டும். மாற்றிய கனவைத் தினமும் பத்து, இருபது நிமிடம் கண்மூடி மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழையதைத் தொடக் கூடாது. திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுகளுக்கு மனநல நிபுணர்கள் பல வருடங்களாகச் சொல்லித்தரும் முறைதான் இது. சில பிபி மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள்கூட இப்படிக் கனவுகளைக் கொண்டுவரும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் டெலி மனாஸ் 14416; இலவசம், தமிழிலும் பேசலாம்.

மூன்று வாரமாகிறது. இப்போது பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறதாம். அவள் எழுதிய முடிவில் தண்ணீர் வருகிறது, ஆனால் கை நழுவவில்லை. இரண்டு பேரும் கோயில் படியேறிவிடுகிறார்கள்.

போன ஞாயிறு அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினாளாம். பாட்டி ரொம்ப நேரம் பேசவேயில்லையாம். அப்புறம், “அந்தப் படியேர்ற எடத்த மட்டும் இன்னொரு தடவ படிடி” என்றாராம்.