குடம்புளி: உணவா, மருந்தா?

உடல் பருமனுக்கான வாராந்திர ஊசி மருந்துகள் 2025-ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. மார்ச் மாதம் மவுன்ஜாரோ, ஜூன் மாதம் வெகோவி. இரண்டுக்கும் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு வேண்டும்; அறிமுகமானபோது மாதச் செலவு ஆயிரங்களில் இருந்தது. அந்த விலையைக் கேட்டுப் பின்வாங்குவோரை எதிர்பார்த்து இன்னொரு சந்தை காத்திருக்கிறது. இணைய வணிகத் தளங்களில் 'கார்சீனியா கம்போஜியா' என்று தேடினால் பச்சை இலையும் மஞ்சள் பழமும் அச்சிட்ட குப்பிகள் வரிசைகட்டி நிற்கின்றன. சில நூறு ரூபாய் போதும்; சீட்டு வேண்டாம்; 'முற்றிலும் இயற்கை' என்ற உறுதிமொழியும் உண்டு.

பெயர் அயல்நாட்டுச் சரக்குபோல ஒலித்தாலும் பொருள் நம் மலைகளுடையதுதான். அது குடம்புளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளில் வளரும் மரத்தின் பழம். சிறு பூசணிபோல வரிப்பள்ளம் கொண்டது. மழைக்காலத்தில் பழுப்பதால் வெயிலை மட்டும் நம்பிக் காயவைக்க முடியாது. விதையை நீக்கிவிட்டுத் தோலைப் புகையில் இட்டுக் கறுக்க வைப்பார்கள். கேரளத்து மீன்குழம்புக்கும் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக் குழம்புக்கும் இதுவே புளிப்பு. இலங்கையில் இதைக் கொறக்கா என்பர். ஒரு சட்டிக்கு இரண்டு, மூன்று துண்டுகள் போதும். உண்ணும்போது அத்துண்டுகளை ஒதுக்கிவிடுவதே வழக்கம். தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்ட பொருள் என்று விற்பனையாளர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் தலைமுறைகள் உண்டது குழம்பை. பிரித்தெடுத்துச் செறிவூட்டிய அமிலத்தை நாள்தோறும் மூன்று வேளை எவரும் விழுங்கியதில்லை.

அந்த அமிலத்தின் பெயர் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம். குடம்புளியின் முதன்மை அமிலம் இதுவே என்பதை லூயிஸ், நீலகண்டன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்டனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் லோவன்ஸ்டைன் குழுவினர், மாவுப்பொருளைக் கொழுப்பாக மாற்றும் பாதையில் உள்ள ஒரு முக்கிய நொதியை இந்த அமிலம் முடக்குகிறது என்று கண்டனர். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கொழுப்பு உருவாவது குறைந்தது. எலிகள் உண்பதும் குறைந்தது. பிந்தைய வணிகம் முழுவதும் நிற்பது இந்த எலிகளின் முதுகில்தான்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எலியின் கல்லீரல் உண்ணும் மாவுப்பொருளைத் தாராளமாகக் கொழுப்பாக்குகிறது. மனித உடல் அப்படியல்ல. வழக்கமான உணவு உண்ணும் மனிதரிடம் இந்தப் பாதை மிகக் குறைவாகவே இயங்குகிறது. நாம் மாவுப்பொருளை எரிபொருளாகச் செலவிடுகிறோம்; உணவில் வரும் எண்ணெயும் நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் ஏறக்குறைய அப்படியே சேமிப்புக்குப் போகின்றன. ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில் வாயிற்கதவைப் பூட்டிவிட்டு, ஊருக்குள் கூட்டம் குறையும் என்று எதிர்பார்ப்பது போன்றது இது.

எதிர்பார்ப்பு பொய்த்ததற்குச் சான்றும் விரைவிலேயே கிடைத்தது. 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் வெளியிட்ட ஆய்வில், அதிக எடை கொண்ட 135 பேர் 12 வாரங்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் அமிலம். மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரை. இரு பிரிவினருக்கும் ஒரே கட்டுப்பாட்டு உணவு. அமிலம் உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ இழந்தனர். வெற்று மாத்திரை உண்டவர்கள் 4.1 கிலோ. புள்ளியியல் நோக்கில் இவ்வேறுபாட்டுக்குப் பொருளில்லை. வேலை செய்தது உணவுக் கட்டுப்பாடு. குப்பிகளின் ஓரத்தில் சிற்றெழுத்தில் 'உணவுக் கட்டுப்பாட்டுடனும் உடற்பயிற்சியுடனும் சேர்த்து உட்கொள்க' என்று எழுதியிருப்பது எதற்கு என்பதும் இதிலிருந்து விளங்கும். 2011-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மீளாய்வு கண்ட பயன் 0.88 கிலோ, அதன் நம்பக எல்லையும் பூஜ்யத்தைத் தொட்டபடி இருந்தது.

பயனில்லாத பொருள் என்பதோடு முடிந்திருந்தால் இதைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். வீண் செலவுகள் நம் வாழ்வில் எத்தனையோ. கல்லீரல் பாதிப்புதான் கவலைக்குரியது. 2009 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 'ஹைட்ராக்சிகட்' என்ற எடைக்குறைப்புத் தயாரிப்பை உடனே நிறுத்துமாறு மக்களை எச்சரித்தது. 23 கடுமையான பாதிப்புகள் பதிவாகியிருந்தன. 19 வயது இளைஞர் ஒருவர் இறந்திருந்தார். அத்தயாரிப்பின் சில வகைகளில் குடம்புளிச் சாறும் ஒரு சேர்மானம். பல பொருள்கள் கலந்த மாத்திரையில் குற்றவாளி எது என்று எப்படிச் சொல்வது என உற்பத்தியாளர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். மருந்துகளால் நேரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் அமெரிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு 2022-இல் அதற்கு ஓரளவு விடையளித்தது. அது ஆராய்ந்த 22 நோயாளிகளில் பெரும்பாலோர் குடம்புளியைப் பச்சைத் தேயிலைச் சாற்றுடன் உட்கொண்டவர்கள். ஐவர் குடம்புளித் தயாரிப்பை மட்டுமே உட்கொண்டவர்கள். நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை காணப்பட்டது. அந்த மரபணு நம்மிடம் இருக்கிறதா என்பதைக் குப்பி வாங்கும் எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. 2025-இல் பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமை, குடம்புளி சேர்ந்த துணை உணவுகளை உட்கொள்ள வேண்டாம் என்றே மக்களுக்கு அறிவுறுத்தியது.

உட்கொண்ட எல்லோருக்கும் இது நேர்வதில்லை. மிகச் சிலருக்கே நேர்கிறது, அவர்களிலும் பலர் மாத்திரையை நிறுத்தியதும் தேறிவிடுகின்றனர். இதை மறைத்தால் நானும் விளம்பரக்காரர்களின் வழியில் போனவனாவேன். ஆயினும் உயிர்காக்கும் மருந்துக்குப் பொறுத்துக்கொள்ளத்தக்க ஆபத்து, ஒரு கிலோகூடக் குறைக்காத பொருளுக்குப் பொருந்துமா?

இத்தனைக்குப் பிறகும் இது எப்படி விற்பனையாகிறது? அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் துணை உணவுகளுக்கு முன்அனுமதி தேவையில்லை என்றாக்கியது. தீங்கானது என்று அரசே பின்னர் நிரூபிக்க வேண்டும். தொலைக்காட்சி மருத்துவர் மெஹ்மெட் ஓஸ் தம் நிகழ்ச்சியில் குடம்புளியைப் புகழ்ந்த பின் விற்பனை பெருகியது. 2014 ஜூனில் செனட் குழு அவரை அழைத்துக் கடிந்துகொண்டது. அதே ஓஸ் 2025 ஏப்ரலில் அந்நாட்டின் மெடிகேர், மெடிகெய்டு காப்பீட்டுத் திட்டங்களை நிர்வகிக்கும் அமைப்பின் தலைவரானார். செனட்டின் கடிந்துரைக்கு இருந்த ஆயுள் அவ்வளவுதான்.

நம் நிலை வேறு வகையில் விந்தையானது. ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடைசெய்யும் 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் விளம்பரப்படுத்தக் கூடாத நோய்களைப் பட்டியலிடுகிறது. அதில் உடல் பருமனும் இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் இயற்றியவர்கள் இதை முன்னுணர்ந்திருக்கின்றனர். ஆனால் குப்பிகள் மருந்தாக விற்கப்படுவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி அவை 'ஊட்டத் துணை உணவு'. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்ற வாசகம் தாங்கியவை. முன்பக்கத்தில் ஒட்டிய வயிறும் அளவு நாடாவும், பின்பக்கத்தில் இந்த வாசகம். பருமனைப் போக்கும் என்று சொல்லாமல் 'எடை மேலாண்மைக்கு உதவும்' என்று எழுதிவிட்டால் இரு சட்டங்களுக்கும் இடையிலுள்ள சந்தில் நுழைந்துவிடலாம். ஒரு நோயைத் தீர்க்கும் நோக்கில் விற்கப்படும் எப்பொருளையும் மருந்தாகக் கொள்ளும் அளவுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை விரிவானது. ஆகவே புதுச் சட்டம் தேவையென்று நான் கருதவில்லை. இருப்பதைப் பயன்படுத்தும் அதிகாரிகளே தேவை.

தமிழகத்தில் இது சிறு சந்தை அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்துப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது பருமன் கொண்டவர்கள். பெண்களில் தேசிய சராசரி 24 சதவீதமே. இவர்களில் பலர் நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ ஏற்கெனவே மாத்திரை உட்கொள்பவர்களாகவும் இருப்பர்.

குப்பியில் கல்லீரல் எச்சரிக்கையைத் தமிழில் அச்சிடச் செய்வது ஆணையத்தால் இயலும் காரியம். அதுவரை மருத்துவமனைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மஞ்சள் காமாலையுடன் வருபவரிடம் 'வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?' என்றால், இல்லை என்றே பதில் வரும். அவரைப் பொறுத்தவரை அது மருந்தல்ல, பழம். 'எடை குறைய ஏதாவது பொடியோ குப்பியோ இணையத்தில் வாங்கினீர்களா?' என்று தனியே கேட்க வேண்டும்.