சென்னையில் எண்ணெய் விற்கும் விவசாயியா? மார்ச் 31-க்குள் கணக்கைப் பிரித்துவிடுங்கள்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து மரச்செக்கு எண்ணெய், அரிசி, காய் ஏற்றிக்கொண்டு வந்து, சென்னை ஆதம்பாக்கம், வேளச்சேரி அடுக்ககங்களில் நேரடியாக விற்பவரா நீங்கள்? அங்கே ஒரு பாட்டில் எண்ணெய்க்கும் ஜிபேதான், ஒரு கட்டுக் கீரைக்கும் ஜிபேதான். ஊர் திரும்பும்போது வியாபாரப் பணம் வங்கியில் ஏறியிருக்கும். வசதிதான். ஆனால் அதில் எது விளைச்சல் பணம், எது வியாபாரப் பணம், எது மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்று என்று வங்கிக்கும் தெரியாது, வரித்துறைக்கும் தெரியாது. தெரியவைக்க வேண்டியவர் நீங்கள்தான்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததை மறந்துவிட வேண்டாம். அங்குள்ள வணிகவரித் துறை, யு.பி.ஐ. வழியாகச் சிறு வியாபாரிகளுக்கு வந்த பணத்தை மட்டும் கூட்டிப் பார்த்து நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு நான்கு ஆண்டுகளில் சுமார் 1.63 கோடி ரூபாய் வரவு. அதற்கு 29 லட்சம் வரி கட்டச் சொன்னார்கள். பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது! வியாபாரிகள் போராட்டத்தில் இறங்கிய பிறகு, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், வரி இல்லாத பொருள் விற்றவர்கள் மீதான நோட்டீஸ் தொடராது என்று முதல்வர் சித்தராமையா அறிவித்தார். அது அங்கே. நமக்கு அப்படி ஒரு அறிவிப்பு வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

"விவசாயிக்கு ஏது வரி?" என்பீர்கள். பாதி சரி. உங்கள் நிலத்தில் விளைந்ததை விற்று வரும் வருமானத்துக்கு வருமான வரி இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. அதிலும் இந்த விலக்கு தொடர்கிறது. ஆனால் கடலையை ஆட்டி எண்ணெயாக்கினால், எண்ணெயில் கிடைக்கும் லாபம் வியாபார வருமானம். கடலை உங்கள் கொல்லையில் விளைந்ததாகவே இருந்தாலும் சரி.

இங்கேதான் பலர் தேவையில்லாமல் இழக்கிறார்கள். வருமான வரி விதி 7 இப்படிச் சொல்கிறது: சொந்தக் கடலையை ஆட்டினால், அந்த ஆண்டு சந்தையில் அது விற்ற சராசரி விலையை உங்கள் விவசாய வருமானமாகக் கழித்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு, எண்ணெயும் புண்ணாக்கும் 1 லட்சத்துக்கு விற்றன. செக்குக் கூலி, பாட்டில், வண்டி வாடகை 20,000. கடலையின் சந்தை மதிப்பு 60,000. அப்படியானால் வியாபார லாபம் 20,000 மட்டுமே. அந்த 60,000-ஐ நிரூபிக்க எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 80,000-மும் லாபம் என்று எழுதிவிட இடம் கொடுக்கிறீர்கள். பக்கத்தில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அந்த நாட்களில் கடலை என்ன விலை போனது என்று தேதியோடு குறித்து வையுங்கள். விலைச்சீட்டு இருந்தால் இன்னும் நல்லது.

பக்கத்து விவசாயியிடம் வாங்கிய கடலைக்கு இந்தச் சலுகை இல்லை. கொடுத்த விலை செலவாகக் கழியும், அவ்வளவுதான். எடை, விலை, தேதி எழுதி அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். அந்தச் சீட்டு அவருக்கும் ஆதாரம்.

ஜி.எஸ்.டி. கணக்கு வேறு. சொந்த நிலத்து விளைச்சலை அப்படியே விற்கும் விவசாயிக்குப் பதிவு தேவையில்லை. எண்ணெய்க்கு 5 சதவீத வரி உண்டு. 25 கிலோ வரை பையில் அடைத்து, பெயர் அச்சிட்டு விற்கும் அரிசிக்கும் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். சில்லறையாக அளந்து கொடுத்தால் இல்லை. 2025 செப்டம்பர் 22-ல் நெய் 12-லிருந்து 5-க்கு இறங்கியது, எண்ணெய் மாறவில்லை. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆனால் எண்ணெயும் விற்று, வரி இல்லாத பொருளும் விற்றால், இரண்டும் சேர்ந்துதான் அந்த 40 லட்சம். விழுப்புரம், கடலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: புதுச்சேரிக்குக் கொண்டுபோய் எண்ணெய் விற்றால் அது வெளி எல்லை வியாபாரம். அங்கே இந்த 40 லட்சம் வரம்பு செல்லாது.

வருமான வரிக்கு வருவோம். 2025-26-க்கு, புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் நம்மில் பெரும்பாலோர் கட்டவேண்டியது ஒன்றுமில்லை. இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்வது நல்லது. கடனுக்குப் போனால் வங்கி முதலில் கேட்பது அதைத்தான். கவனிக்க வேண்டியது படிவம். சிறு வியாபாரி என்று சொன்னதும் கணினி மையங்களில் ஐ.டி.ஆர்.-4 போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தப் படிவம் செல்லாது, ஐ.டி.ஆர்.-3 போட வேண்டும். விவசாய வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்றெல்லாம் கேட்பார்கள். சிட்டா, அடங்கல் நகலை இப்போதே எடுத்து வையுங்கள். குத்தகைக்காரர்கள் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுதி வாங்குங்கள்.

இந்த மாதம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. எண்ணெய் வியாபாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வண்டியில் ஒட்டும் கியூ.ஆர். அட்டையை அதற்கு மாற்றுங்கள். நெல், காய் விற்ற பணம் பழைய கணக்கிலேயே வரட்டும். முடிந்த ஆண்டுக்கு, வங்கியிலிருந்து ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு விவரம் அச்செடுத்து, ஒவ்வொரு வரவுக்கும் எதிரே பென்சிலால் 'வி' அல்லது 'வ' என்று போடுங்கள். விளைச்சல், வியாபாரம். கைமாற்று, பிள்ளை அனுப்பிய பணம், நகைக்கடன் எல்லாவற்றுக்கும் வட்டம். இரண்டு மாலை உட்கார வேண்டியிருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் கூட வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் போட்டவற்றை யார், எதற்கு அனுப்பினார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் உங்களுக்கே நினைவிருக்காது.