எடைக்குப் போடக் கூடாத லென்ஸ்கள்

கோவையில் ஒரு மில்லோ அச்சகமோ மூடப்பட்டால் அதன் எந்திரங்கள் எப்படி விலைபோகும் என்பது ஊருக்கே தெரியும். இரும்புக்கு ஒரு விலை, செம்புக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை. மோட்டாரைப் பக்குவமாகக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. பேரிங்கைத் தனியே எடுத்து வைப்பவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் லென்ஸுக்கு மட்டும் மதிப்புச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. பித்தளைக் குழலோடு சேர்ந்து அதுவும் எடையில் போய்விடுகிறது. அச்சகத்துப் பிராசஸ் கேமரா, திரையரங்கின் புரொஜக்டர், டூல் ரூமின் புரொஃபைல் புரொஜக்டர், ஸ்டூடியோ இருட்டறையின் என்லார்ஜர் என்று பல எந்திரங்களிலிருந்து வெளியே வரும் இந்த லென்ஸ்கள் பெரும்பாலும் இன்றும் வேலை செய்யக்கூடியவை. இவற்றைச் சேகரிப்பதும், இன்றைய கேமராவில் பொருத்திப் படமெடுப்பதும் சிலருடைய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றைக் காக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. அதிலும் சேகரிப்பதைவிடப் பயன்படுத்துவதே முக்கியம் என்பேன்.

பிராசஸ் லென்ஸை எடுத்துக்கொள்வோம். கணினி வருமுன் ஒரு வண்ணப் படத்தை ஆஃப்செட்டில் அச்சிட, ஃபில்டர்கள் வழியாக அதைப் பலமுறை படமெடுத்து நான்கு நெகட்டிவ்களாகப் பிரித்தார்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் தாளில் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். ஒரு நிறத்தின் பிம்பம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகிவிட்டாலும் படத்தின் ஓரங்களில் நிறம் பிரிந்து தெரியும். அதனால்தான் ரோடென்ஸ்டாக்கின் அப்போ-ரோனார், நிக்கானின் அப்போ-நிக்கார் போன்ற லென்ஸ்கள், எல்லா நிறங்களையும் ஒரே தளத்தில் ஒரே அளவில் குவிக்கும்படி வடிவமைக்கப்பட்டன. அவற்றின் துவாரம் சிறியது. f/9 என்பது சர்வசாதாரணம். வெளிச்சம் குறைவாகத்தான் வரும். ஆனால் தட்டையான ஒரு பரப்பை மூலைக்கு மூலை கோணாமல் படியெடுப்பதில் அவற்றை விஞ்சுவது கடினம். பவானி ஜமுக்காளத்தின் நெசவையோ நெகமம் சேலையின் கரையையோ இழை இழையாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமான கருவி எது? தட்டையான தாளைப் படியெடுத்த லென்ஸுக்கு விரித்துப் போட்ட துணி பழகிய வேலைதான்.

புரொஃபைல் புரொஜக்டர் கோவைக்கு இன்னும் நெருக்கமானது. பம்புசெட் உதிரிபாகம், நூற்பு எந்திரத்தின் சிறு பல்சக்கரம் எதுவானாலும் அதன் நிழலைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, ஐம்பது மடங்கு பெருக்கித் திரையில் வீழ்த்தி, வரைபடத்தோடு ஒப்பிட்டு அளப்பது அதன் வேலை. பொருள் சற்று முன்னே பின்னே நகர்ந்தாலும் நிழலின் அளவு மாறாதபடி அந்த லென்ஸை அமைத்திருப்பார்கள். இந்த ஊர்ச் சரக்கின் துல்லியம் பல பட்டறைகளில் இத்தகைய லென்ஸ் வழியாகத்தான் சோதிக்கப்பட்டது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கல்மணிகளையும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் அளவு மாறாமல் பெரிதாக்கிப் பதிவு செய்ய இதே குணம்தான் தேவை. மணியில் துளையிட்ட கருவி விட்டுச் சென்ற கீறல்கூட ஆய்வாளருக்குச் செய்தி சொல்லும்.

திரையரங்கு லென்ஸுக்கும் இங்கே ஒரு வம்சம் உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னர் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இங்கே எழுந்தன. ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் வடிவமைத்த லென்ஸின் வழிவந்தவை நெடுங்காலம் புரொஜக்டர்களில் இருந்தன. நடுவில் கூர்மையும் ஓரத்தில் சுழலும் மங்கலுமாக அவை தரும் உருவப்படத்துக்கு உலகெங்கும் இன்று ரசிகர்கள் உண்டு.

புதிய லென்ஸ் இருக்கும்போது பழையது எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த லென்ஸ்கள் ஒவ்வொன்றும் ஒரே வேலைக்கென்று பிறந்தவை. நிப்பான் கோகாக்கு (இன்றைய நிக்கான்) 1964இல் செய்த 29.5 மி.மீ. அல்ட்ரா-மைக்ரோ-நிக்கார், ஒரு மில்லிமீட்டருக்குள் 1,260 கோடுகளைப் பிரித்துக் காட்டியது. ஆனால் ஒற்றை நிற ஒளியில்தான் அந்தத் திறமை. அதைக் கொண்டு கல்யாண வீட்டில் படமெடுக்க முடியாது. தம் வேலையில் மட்டும் இவை ஈடில்லாதவை என்பதே சரியான கணக்கு. பழைய எல்-நிக்கார் 80 மி.மீ. f/5.6 என்லார்ஜர் லென்ஸ், இன்றைய லென்ஸ்கள் பல தடுத்துவிடும் புற ஊதா ஒளியைப் பெருமளவு உள்ளே விடுகிறது. பூவிதழில் வண்டுக்கு மட்டும் தெரியும் கோடுகளை அது படமாக்கித் தரும். அபூர்வ லென்ஸ் ஒன்று பணக்காரர் வீட்டு அலமாரியில் இருப்பதைவிட, இப்படியொரு சாதாரண லென்ஸ் தாவரவியல் மாணவி ஒருத்தியின் கையில் இருப்பதையே நான் பெரிதாக மதிப்பேன்.

பொருத்துவதும் இப்போது சிரமமில்லை. பழைய நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம், சோனியின் மிரர்லெஸ் கேமராவில் அதே தூரம் 18 மி.மீ. மிச்சமாகும் இடத்தில் ஒரு வளையமும் ஃபோகஸ் குழலும் தாராளமாக அடங்கும். மரை அளவைச் சொன்னால் அந்த வளையத்தைக் கடைந்து தர கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறைகளுக்கா பஞ்சம்?

இன்னொரு ஆட்சேபம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. லென்ஸுக்குக் கிராக்கி வந்தால், முழுதாக இருக்கும் புரொஜக்டரையும் பிரித்து விற்பார்கள். சேகரிப்பே எந்திரத்துக்கு எமனாகிவிடும். அது நடக்கவே கூடாது. ஓடும் எந்திரத்தையும் முழுமையாக நிற்கும் எந்திரத்தையும் தொடக் கூடாது. உடைக்கப் போவது உறுதியான எந்திரத்திலிருந்து மட்டுமே லென்ஸை எடுக்க வேண்டும். எடுக்கும்போது எந்த எந்திரம், எந்த ஆலை, எந்த ஆண்டு, என்ன வேலை என்ற குறிப்பையும் கூடவே எழுதி வைக்க வேண்டும். குறிப்பு இல்லாத லென்ஸ் நல்ல படம் எடுக்கும், வரலாறு சொல்லாது. பழைய லென்ஸ்கள் சிலவற்றில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த கண்ணாடி உண்டு என்பதால், தெரியாதவர்கள் அதை அறுப்பதோ தேய்ப்பதோ கூடாது.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய அமைப்புகள் இங்கேயே இருக்கின்றன. லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படமெடுத்த கோவைத் தொழில்மேதை ஜி.டி. நாயுடுவின் பெயரில் அவிநாசி சாலையில் அருங்காட்சியகம் உண்டு. 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும், 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவும் உண்டு. லென்ஸை அளந்து பட்டியலிடுவதை மாணவர்களின் ப்ராஜெக்டாகக் கொடுக்கலாம். மூடப்படும் அச்சகமும் மில்லும் எடைக்குப் போடுமுன் ஒரு தகவல் சொன்னால் போதும். பிராசஸ் கேமராவை இயக்கியவர்களும் திரையரங்கு ஆபரேட்டர்களும் இன்று வயதானவர்கள். எந்த லென்ஸ் எந்த வேலைக்கு என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தான். பட்டியலை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும், அதுவும் இந்த ஆண்டே.