எந்த எண்ணில், எத்தனை மணிக்கு?

மாண்புமிகு ஒன்றியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் துறையின் நலத்தைப் பற்றிக் கவலையில்லை. அலைவரிசை ஏலச் செய்திகளைப் படித்து அவ்வப்போது தெரிந்துகொள்கிறோம். நான் தென்காசிப் பக்கத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். தொலைக்காட்சியை முட்டாள் பெட்டி என்று வைகிற கூட்டத்தில் நான் ஒருநாளும் சேர்ந்ததில்லை. அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டி, அந்தச் சிறு புத்தகத்தில் முத்திரை வாங்கிய தலைமுறை எங்களுடையது. காசு கட்டிப் பார்த்ததாலோ என்னவோ, தூர்தர்ஷன் எங்களுடையது என்ற எண்ணம் இன்றும் போகவில்லை. ஆசிரியர் அறையில் யாராவது அதைக் கேலி பேசினால் மறுத்துப் பேச எழுந்தவன் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். ஆகவே இதைக் குறை சொல்லப் பிறந்தவனின் மடல் என்று கருதாமல், தங்கள் பக்கம் நின்று நின்று கால் கடுத்துப்போன ஒருவனின் மடலாகக் கருதிப் படிக்க வேண்டுகிறேன்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க அனுமதியுங்கள். பெரிய இடத்துக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் தங்கள் துறை எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தை நினைத்தால் இதன் நீளம் ஒரு பொருட்டல்ல.

1975 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகப் பாடம் இறங்கியது. கோழிவலைக் கம்பியில் செய்த பத்தடி ஆண்டெனா, ஊருக்கு ஒரு பெட்டி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. சுமார் 50 ஆயிரம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதன் வழியாகவே அறிவியல் பயிற்சி தந்தார்கள். பார்ப்பவர்களிடம் என்ன மாறுகிறது என்று அறிய ஆய்வாளர்கள் கிராமங்களிலேயே தங்கிக் குறிப்பெடுத்தார்கள். இந்தக் கடைசி விஷயத்தைத் தாங்கள் தயவுசெய்து இன்னொரு முறை படிக்க வேண்டும். ஒளிபரப்பினோம் என்பதோடு நிற்காமல், போய்ச் சேர்ந்ததா என்று கேட்ட ஓர் அரசு அமைப்பு இந்த நாட்டில் இருந்திருக்கிறது.

ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பிகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவை அந்த ஆறு. தமிழ்நாடு இல்லை. பின்தங்கிய வட்டாரங்களாகப் பார்த்துத் தேர்ந்தார்கள் என்பது விளக்கம். நியாயமான விளக்கம் என்றே அன்றும் எடுத்துக்கொண்டோம். கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டுக்கு இஸ்ரோ ஓர் ஆண்டெனா கொண்டுபோய் வைத்ததால், அந்தப் பாடங்களை அவர் அங்கிருந்தபடி பார்த்தார். செயற்கைக்கோள் வழித் தகவல்தொடர்பு என்ற எண்ணத்தை உலகுக்குச் சொன்னவர், பார்க்கட்டும். அதே ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்துவிட்டதே, நமக்கு என்ன குறை என்று இருந்துவிட்டோம். அந்தக் கோபுரத்தின் வீச்சு சென்னையைச் சுற்றியே நின்றது என்பது வேறு விஷயம்.

அடுத்து 1983இல் இன்சாட்-1பி பறந்தது. இம்முறை செயற்கைக்கோள் நம்முடையது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்வித் தொலைக்காட்சித் திட்டம் வந்தது. ஐந்து முதல் எட்டு வயதுக்கு ஒரு நிகழ்ச்சி, ஒன்பது முதல் பதினொன்று வயதுக்கு ஒரு நிகழ்ச்சி என்று அழகாகப் பிரித்திருந்தார்கள். இந்தி, மராத்தி, குஜராத்தி, ஒடியா, தெலுங்கு என ஐந்து மொழிகள். தயாரிக்க ஆறு மாநிலங்களில் நிலையங்கள். ஆறாவது மொழி தமிழாக இருக்கும் என்று காத்திருந்தோம். எங்களுக்கும் ஏதோ வந்தது என்பதை மறைக்கக் கூடாது: 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடு தழுவிய வகுப்பறை. தரமான நிகழ்ச்சி, நானே விரும்பிப் பார்த்தவன். அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் தயாரிப்பு மையங்கள்கூட ஏற்பட்டன. மொழி மட்டும் ஆங்கிலம். பொன்னுக்கு வீங்கி வந்து வீட்டில் கிடக்கிற தமிழ்வழிப் பையன் மதியம் பெட்டியைப் போட்டால், எங்கோ ஒரு பேராசிரியர் ஆங்கிலத்தில் பவளப்பாறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். படம் அவனை இழுக்கும், பேச்சு வெளியே தள்ளும். உழவருக்கு வயலும் வாழ்வும் தமிழில் சொல்லத் தெரிந்த தூர்தர்ஷனுக்கு, உழவரின் பிள்ளைக்குப் பாடம் சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ. அரசுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு சட்டம் வந்தது. 1990இல் இயற்றி 1997இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிரசார் பாரதி சட்டம். அதன் 12ஆம் பிரிவு, கல்விக்கும் எழுத்தறிவைப் பரப்புவதற்கும் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று சொல்கிறது. ஏழு ஆண்டுகள் அலமாரியில் இருந்து வந்த சட்டம் என்றாலும் சட்டம் சட்டம்தானே, மகிழ்ந்தோம். 2004இல் கல்விக்கென்றே எடுசாட் பறந்தது, அதற்கும் மகிழ்ந்தோம். 2010இல் அதன் ஆயுள் முடிந்தது. 2020இல் பெருந்தொற்று. பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது வகுப்புக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அலைவரிசைகள் என்று அறிவித்தீர்கள். 2022 நிதிநிலை அறிக்கையில் பன்னிரண்டு இருநூறாக உயரும், வட்டார மொழிகளில் துணைப்பாடம் கிடைக்கும் என்றார் நிதியமைச்சர். இருநூறு! ஐந்து மொழிக்குள் இடம் கிடைக்காத எங்களுக்கு இருநூறு என்ற எண்ணே மலைப்பாக இருந்தது.

இங்கே தாங்கள் இடைமறித்து, அது கல்வி அமைச்சகத்தின் திட்டம், எங்களுடையதல்ல என்று சொல்லக்கூடும். சரியான திருத்தம். ஆனால் அவர்களும் தாங்களும் பல்லாண்டுகளாக ஒரே சாஸ்திரி பவன் கூரையின்கீழ் இருந்தவர்கள். ஒரு கோப்பு மாடிப்படி ஏறி இறங்குவதற்குள் எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிடுகிறது. அந்த இருநூறில் தமிழுக்கு உரியவை எவை, எங்கள் வீட்டுக் கேபிள் பெட்டியில் எந்த எண்ணை அழுத்தினால் அவை வரும், எட்டாம் வகுப்புக்கு எத்தனை மணி என்று ஒரே ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகைக்கும் அனுப்ப எவ்வளவு செலவாகும்? விளம்பரத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் வருவீர்கள் என்று பார்த்துப் பார்த்து, தமிழ்நாடு தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டது. 2006இல் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது. இலவசம் என்று தில்லிப் பத்திரிகைகள் முகம் சுளித்தன. அரசு கேபிள் என்று ஒரு நிறுவனத்தை வைத்துக் குறைந்த கட்டணத்தில் கம்பி இழுத்தது. 2019 ஆகஸ்ட் 26 அன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. பெட்டி ஒரு கட்சியின் ஆட்சியிலும் அலைவரிசை மற்றொரு கட்சியின் ஆட்சியிலும் வந்தவை என்பதைக் கவனியுங்கள். எங்கள் அரசியலில் இது அபூர்வம். 2020 ஜூலையில், கைப்பேசி வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பாடம் என்று ஒன்று வந்ததென்றால் அந்த வழியாகத்தான் வந்தது. அதில் குறையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். கரும்பலகையைத் தூக்கிக் கேமரா முன் வைத்தால் மட்டும் அது தொலைக்காட்சி ஆகிவிடாது என்பதை யார் ஒளிபரப்பினாலும் சொல்வேன். ஆனால் அது தமிழில் இருந்தது, எங்கள் பாடநூலை வைத்து இருந்தது, எந்த எண்ணில் வருகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

2022 அக்டோபர் 21 அன்று தங்கள் அமைச்சகம் ஓர் அறிவுரைக் கடிதம் வெளியிட்டது. மாநில அரசுகள் நேரடியாக ஒலி, ஒளிபரப்பில் இறங்கக் கூடாது, ஏற்கெனவே நடத்துபவை பிரசார் பாரதி வழியாகவே நடக்க வேண்டும், கேபிள் போன்ற விநியோகத்திலிருந்தும் 2023 டிசம்பர் 31க்குள் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை, ஒன்றியப் பட்டியல், ஒலிபரப்பு தங்களுக்கு உரியது. சட்டத்தில் தாங்கள் தவறவில்லை. அந்தப் பழக்கம் தங்களுக்கு இல்லை. அதே அரசியலமைப்பில் கல்வி 1976 வரை எங்கள் பட்டியலில் இருந்தது, 42ஆம் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு எடுத்துக்கொண்டது என்பதை மட்டும் பணிவுடன் நினைவூட்டுகிறேன். பொது என்றால் சேர்ந்து செய்வது என்று நாங்கள் புரிந்துகொண்டிருந்தோம்.

தங்கள் கருணையின் வரிசையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரவல் செயற்கைக்கோளில் தமிழுக்கு இடமில்லை. சொந்தச் செயற்கைக்கோளில் ஐந்து மொழிகளுக்குள் தமிழ் இல்லை. கல்லூரிப் பாடம் வந்தது, ஆங்கிலத்தில். கடைசியில் நாங்களே அடுப்பு மூட்டிச் சமைத்தபோது, சமையல் தங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று தாக்கீது வந்தது. சரி, தங்கள் வீட்டுக்கே வருகிறோம். அங்கே எங்களுக்கென்று ஒதுக்கிய அறை எது என்று கேட்பது மரியாதைக் குறைவாகுமா?

அந்த வீட்டில் இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதும் தெரிந்ததுதான். தங்கள் செயற்கைக்கோள்வழிச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் நாலு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாகத் தங்கள் அரசே சொல்கிறது. மாதக் கட்டணம் இல்லாத அருமையான ஏற்பாடு. அதன் இடங்களைத் தனியார் அலைவரிசைகளுக்கு ஏலம் விடுகிறீர்கள். இந்திப் பொழுதுபோக்கு அலைவரிசைகளுக்கே தொடக்க விலை உச்சம். ஏலத்தில் தமிழ்ப் பாடம் என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் 12ஆம் பிரிவை நினைவூட்டினேன். 2023 ஜனவரியில் ஒலிபரப்புக் கட்டமைப்புக்கென்று ரூ.2,539.61 கோடியும், தொலைதூர, பழங்குடி, எல்லைப்புற வீடுகளுக்கு எட்டு லட்சம் இலவச ஃப்ரீ டிஷ் பெட்டிகளும் அறிவித்தீர்கள். பழைய தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை அதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தீர்கள். காலத்துக்கு ஏற்ற மாற்றம்தான், மறுக்கவில்லை. பெட்டி தருகிறவர் அதற்குள் என்ன வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அந்த அறிவுரைக் கடிதத்தின் கெடு முடிந்து மூன்று வாரம் ஆகுமுன், 2024 ஜனவரி 19 அன்று, பிரதமர் சென்னைக்கு வந்து, தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகையை டிடி தமிழ் என்று புதுப்பொலிவுடன் தொடங்கிவைத்தார். பொதிகை மலையைப் பார்த்துக் கண்விழிக்கிற ஊர்க்காரன் நான். பெயர் போனதில் வருத்தமுண்டு, அதை இங்கே வளர்க்கவில்லை. புதுப்பொலிவில் எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கேட்கவே எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. நான் வகுப்பில் வெங்காயத் தோலின் செல்களைக் காட்டியிருக்கிறேன். உட்புறச் சவ்வை உரித்து, கண்ணாடி வில்லையில் விரித்து, சஃப்ரானின் சாயம் ஒரு சொட்டு விட்டு, மூடுகண்ணாடியைச் சாய்த்து வைத்தால் செங்கல் அடுக்கியதுபோல் தெரியும். ஒரு நுண்ணோக்கி, அதற்குமுன் ஒரு வகுப்பே வரிசையில். பாதிப் பேர் பார்ப்பது தம்முடைய கண்ணிமை முடியைத்தான். பார்த்தாயா என்றால், பார்த்தேன் சார் என்பார்கள்; பின்னால் நிற்பவனுக்கு அவசரம். இதைப் பத்து நிமிடம் நிதானமாக, நெருக்கமாக, செல்லுக்குள் உட்கருவைச் சுட்டிக்காட்டி, தமிழில் ஒருமுறை காட்டினால், நுண்ணோக்கி இல்லாத எத்தனையோ பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே மாலையில் பார்த்துவிடுவார்கள். மறுநாள் ஆசிரியர் அங்கிருந்து தொடங்கலாம். எந்த ஆசிரியரையும் வேலையை விட்டு நீக்காத, எந்தத் தனிப்பயிற்சி நிறுவனத்துக்கும் காசு தராத வழி இது. இதைச் செய்யக்கூடிய கேமராவும் படக்கூடமும் ஆட்களும் சுவாமி சிவானந்தா சாலையில் தங்கள் நிலையத்தில் உண்டு.

எனவே, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாலை வேளையில், டிடி தமிழில் தினம் ஒரு மணி நேரத்தைத் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று, கிரிக்கெட்டோ தலைவர்களின் உரையோ தொடாத நேரமாக ஒதுக்கித் தாருங்கள். என்ன பாடம் என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் முடிவு செய்யட்டும். ஒரு வாரம் முன்பே நிரலை வெளியிடுங்கள். 1975இல் செய்ததுபோல் சில கிராமங்களுக்கு ஆள் அனுப்பி, பார்க்கிறார்களா, புரிகிறதா என்று கேட்டு, பதில் எதுவானாலும் வெளியிடுங்கள். அதுவரையில், மாநிலத்தின் கல்வி அலைவரிசையைப் பொறுத்தவரை அந்த 2022 அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். முன்னதைச் செய்ய நாளாகும் என்பது புரிகிறது. பின்னதற்குத் தேவை ஒரு கையெழுத்து.

தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வருமானால், மடல் கிடைக்கப்பெற்றது, உரிய துறைக்கு அனுப்பிவைக்கப்பட்டது என்ற வாசகத்தைத் தவிர்க்கக் கோருகிறேன். அது எனக்கு மனப்பாடம். அலைவரிசை எண், வகுப்பு, நேரம் இவை மூன்றும் இருந்தால் அஞ்சலட்டையே போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்.