விடை மட்டும் தெரிந்தால் போதுமா?



வினாடி - வினா போட்டி என்றதும் உங்களில் பலர் என்ன செய்கிறீர்கள்? பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வாங்கி, முதல் பக்கம் தொடங்கி கடைசிப் பக்கம் வரை கடகடவென்று மனப்பாடம் செய்கிறீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் தெரியுமா? அப்படிப் படிக்கச் சொல்லி, ஒரு நல்ல மாணவனின் உற்சாகத்தைக் கெடுத்தவன் நான்!

2006ம் ஆண்டு, ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். டிசம்பரில் ஒன்றிய அளவிலான வினாடி - வினா போட்டி. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, என் பழைய நோட்டை அவனிடம் கொடுத்தேன். அதில், நான் கைப்பட எழுதிய 500 கேள்விகள் இருந்தன.

'இதை மனப்பாடம் பண்ணிடுப்பா, பரிசு உனக்குத் தான்' என்றேன்.

பையன் ஒரு மாதம் ராத்திரி பகலாகப் படித்தான். பாதிக் கேள்வியைச் சொன்னாலே பதில் வந்து விழும்.

போட்டியின் கடைசிச் சுற்று. இரண்டு பள்ளிகள் சம மதிப்பெண்ணில் நின்றன.

'சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள்கள்?' என்று கேட்டனர். எங்கள் பையன் முந்திக் கொண்டு, 'ஒன்பது' என்றான்.

'தவறு' என்றனர். பக்கத்து மேஜை மாணவி, 'எட்டு' என்றாள். கோப்பை அவர்களுக்குப் போனது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 24ல், பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் சங்கம், புளூட்டோ இனி கோள் அல்ல. குறுங்கோள் என்று அறிவித்திருந்தது. செய்தித்தாளில் நானும் அதைப் படித்தேன். ஆனால், நோட்டில் திருத்தவில்லை.

திரும்பி வரும்போது பஸ்சில், 'சார், நோட்டுல ஒன்பதுன்னு தானே சார் இருந்துச்சு?' என்று கேட்டான். 'தப்பு என்னுடையது தம்பி' என்று சொல்லியிருக்க வேண்டும். 'சரி, விடுப்பா' என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஆண்டு போட்டிக்குக் கூப்பிட்டபோது, 'வேண்டாம் சார்' என்று சொல்லி விட்டான்.

அவனுக்கு நான் விடையைக் கொடுத்தேன், காரணத்தைக் கொடுக்கவில்லை.

கோள் என்றால் மூன்று தகுதிகள் வேண்டும். சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பு விசையால் உருண்டையாக இருக்க வேண்டும். தன் பாதையில் மற்ற பொருட்கள் இல்லாதபடி துப்புரவாக வைத்திருக்க வேண்டும். மூன்றாவது தகுதி புளூட்டோவுக்கு இல்லை. இதைப் புரிந்து கொண்டவர், 'எட்டா, ஒன்பதா' என்று திணறவே மாட்டார்.

இன்னொரு சங்கதி... 1930ல் புளூட்டோவைக் கண்டுபிடித்தவர், அமெரிக்காவின் கிளைட் டோம்பா. பெயர் சொன்னது யார் தெரியுமா? இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் வசித்த 11 வயதுச் சிறுமி வெனிஷியா பர்னி! காலைச் சாப்பாட்டு வேளையில் தாத்தா இந்தச் செய்தியைச் சொல்ல, ரோமானியரின் பாதாள உலகக் கடவுளான புளூட்டோவின் பெயரைச் சொன்னாள். இந்தக் கதையை ஒருமுறை கேட்டால் மறக்குமா? ஒரு கதைக்குள் நாலைந்து விடைகள் ஒளிந்திருக்கின்றன, பாருங்கள்!

சரி, படித்தது மனதில் நிற்க என்ன வழி?

முதலில், புத்தகத்தை மூடிவிட்டு, உங்களை நீங்களே கேள்வி கேளுங்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் அறிஞர்கள் 2006ல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு, ஐந்து நிமிடம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஆனால், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பாடத்தைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்களே முந்தினர்!

அடுத்து, இடைவெளி விட்டுப் படியுங்கள். எழுதாத தாளைச் சிறு சீட்டுகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடையும் காரணமும். மூன்று காலி டப்பாக்கள் போதும். முதல் டப்பாவில் உள்ள சீட்டுகளைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த டப்பா. தவறினால் மறுபடியும் முதல் டப்பா!

சீட்டின் மூலையில் ஆண்டையும் குறித்து வையுங்கள். 2018ல் தமிழகத்தில் 32 மாவட்டங்கள்; 2020ல் மயிலாடுதுறை உருவானபோது 38. விடைகள் மாறும் செல்லங்களே!

'எனக்கு ஞாபக சக்தியே இல்லை' என்று சிலர் சொல்வீர்கள். 1907 மார்ச் 10ல், சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் செய்து காட்டி, 'சதாவதானி' என்று பெயர் பெற்றார் செய்குத்தம்பிப் பாவலர். 'அவதானம்' என்ற சொல்லுக்குப் பொருளே கவனம் தான். 'டிவி'யும் மொபைலும் அலறும் இடத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, ஞாபக சக்தி மீது பழி போடலாமா?

சொன்னதைத் திருப்பிச் சொல்ல கிளிப்பிள்ளைக்கும் தெரியும். 'ஏன்?' என்று கேட்க உங்களுக்குத் தான் தெரியும். புத்தகத்தில் இருந்தாலும், ஆசிரியர் நோட்டிலேயே இருந்தாலும், 'ஏன் சார்?' என்று ஒருமுறை கேட்டு விடுங்கள். அன்று அந்தப் பையன் அப்படிக் கேட்க நான் பழக்கியிருந்தால், தவறு வகுப்பிலேயே தெரிந்திருக்கும். ஒரு கோப்பை போனதில் எனக்கு வருத்தமில்லை. கேள்வி கேட்கும் ஆசை அவனுக்குப் போனதே, அது தான் இன்றும் உறுத்துகிறது.

உங்களுக்கு அது போகவே கூடாது, சரியா?