ஒரே வேதம், இரண்டு கோயில்

ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்ட திருவட்டாற்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறதாம். பையன் வாத்தியார், நல்ல குடும்பம். ஆனால் இவர்கள் சி.எஸ்.ஐ. சபை, அவர்கள் லூத்தரன். "இரண்டு வீட்டிலும் அதே பைபிள்தானே? கல்யாணத்துக்குப் பிறகு என் மகள் எந்தக் கோயிலில் திருவிருந்து வாங்குவாள்? இவர்களை ஒன்று சேர்க்க யாருமே முயலவில்லையா?" என்று கேட்கிறார்.

முயன்றார்கள், அம்மா. லூத்தரன் சபையிலிருந்தே ஒரு பெரியவர் அதற்காக உழைத்தார். டாக்டர் ராஜா பூஷணம் மாணிக்கம் என்று பெயர். 1897-ல் பிறந்தவர். அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், நாகபுரியிலிருந்த தேசியக் கிறிஸ்தவ கவுன்சிலில் காரியதரிசியானார். பல சபைகள் கூடி நடத்திய ஸ்தாபனம் அது. 1939-ல் யுத்தம் மூண்டதும் இந்தியாவிலிருந்த ஜெர்மன் மிஷனரிகளைச் சர்க்கார் காவலில் வைத்துவிட்டது. அவர்கள் நடத்திய பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் அநாதையாக நின்றன. அவற்றைத் தாங்கிப் பிடித்ததில் இந்தக் கவுன்சிலுக்குப் பெரும் பங்கு உண்டு. அடுப்படியில் தீப்பிடித்தால், குடத்தோடு ஓடி வருகிறவள் எந்தச் சபை என்று யார் விசாரிப்பார்கள்?

ஆனால் 1947 செப்டம்பர் 27-ந் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், உங்கள் பக்கத்து லண்டன் மிஷன் சபையை உள்ளடக்கிய ஐக்கிய சபையும் சேர்ந்தன. லூத்தரன்கள் சேரவில்லை. இதில் ஒரு வேடிக்கை. இந்த இணைப்புக்கு 1919-ல் 33 பேர் கூடி வித்திட்ட இடம் தரங்கம்பாடி. 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கிய, லூத்தரன்களின் தாய்வீடு அது! தாய்வீட்டில் சம்பந்தம் பேசினார்கள். வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அப்பத்திலும் ரசத்திலும் நாம் பெறுவது என்ன என்பதில் முதலில் ஒத்த அபிப்பிராயம் வேண்டும், பிறகு சேரலாம் என்றார்கள் லூத்தரன்கள். சேர்ந்து வாழ்ந்தால் ஒத்துப்போகும் என்றார்கள் மற்றவர்கள். முன்னதை வெறும் பிடிவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். பேசாமல் விட்ட விஷயம் பின்னால் எப்படி வெடிக்கும் என்பது சம்பந்தி வீட்டாரோடு பழகிய நமக்குத் தெரியாதா? இரு தரப்புப் பண்டிதர்களும் பல வருஷம் கூடிப் பேசிப் பல விஷயங்களில் உடன்பாடும் கண்டார்கள். இணைப்பு மட்டும் கைகூடவில்லை.

மாணிக்கம் இதற்காகச் சோர்ந்து உட்காரவில்லை. உலக சபைகள் மன்றத்துக்கும் சர்வதேச மிஷனரி கவுன்சிலுக்கும் பொதுவான கிழக்காசியக் காரியதரிசியாக, 1950-களின் முற்பகுதியில் நாடு நாடாகச் சுற்றினார். 1956-ல் தரங்கைப் பேராயரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அதே வருஷம் நவம்பர் 1-ந் தேதிதான் உங்கள் திருவட்டாறும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1967-ல் அவர் ஓய்வு பெற்றார். 1969-ல் மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியது. அன்றிலிருந்து சி.எஸ்.ஐ. பிள்ளைகளும் லூத்தரன் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் போதகர் படிப்புப் படிக்கிறார்கள்.

சகோதரி ஒன்று கவனிக்க வேண்டும். மாணிக்கம் தலைமை வகித்தது தமிழ் சுவிசேஷ லூத்தரன் சபை. உங்கள் ஜில்லாவில் லூத்தரன் என்றால் பெரும்பாலும் இந்திய சுவிசேஷ லூத்தரன் சபை. அமெரிக்காவின் மிசௌரி சினட் மிஷனரிகள் 1907-ல் நாகர்கோவிலில் ஆரம்பித்த ஊழியத்திலிருந்து வளர்ந்தது. திருவிருந்து விஷயத்தில் மிசௌரி வழி சற்றுக் கண்டிப்பானது. ஆகவே ஊருக்கு ஊர், போதகருக்குப் போதகர் நடைமுறை மாறலாம்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இரண்டு போதகர்களையும் நேரில் பாருங்கள். ஓலை எந்தக் கோயிலில் வாசிப்பது, மகள் பழைய சபையிலேயே அங்கத்தினராக இருக்கலாமா, மாறினால் ஞானோபதேசம் படிக்க வேண்டுமா, எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். ஞானஸ்நானத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு சபை கொடுத்ததை மற்றது ஏற்றுக்கொள்ளும். பெண்ணையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஞாயிறுதோறும் அந்தக் கோயிலுக்குப் போகப்போகிறவள் அவள்தான்.