ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு விதி வேண்டும்: டிராய் தலைவருக்கு டோம்பிவிலியிலிருந்து ஒரு மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் திரு. அனில் குமார் லாஹோட்டி அவர்களுக்கு,

மும்பையை ஒட்டிய எங்கள் டோம்பிவிலியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நீங்கள் மத்திய ரயில்வேயின் பொது மேலாளராக இருந்தபோதுதான், 2022 பிப்ரவரியில், தாணே–திவா இடையே 5, 6-வது பாதைகள் திறக்கப்பட்டன. காலை எட்டு மணிக்கு டோம்பிவிலி பிளாட்பாரம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே லோக்கல் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் கீழே விழுந்து உயிரிழந்தார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆபீஸில் விட மாட்டார்களா என்ற ஏக்கம் அதன் பிறகு இங்கே பல வீடுகளில் கூடியிருக்கிறது. அந்த இரண்டு நாளும் இன்டர்நெட் இருந்தால்தான் நடக்கும். அது பற்றித்தான் இந்த மடல்.

மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வந்த தமிழ்க் குடும்பங்கள் டோம்பிவிலி கிழக்கில் நிறைய. ஒற்றைச் சம்பளம், இரண்டு அறை, படிக்கிற பிள்ளைகள். தனியாக பிராட்பேண்ட் வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. வைத்திருக்கிறவர்களுக்கும் கரண்ட் போனால் ரூட்டர் அணைந்துவிடும். அப்போது கைகொடுப்பது போனில் இருக்கிற ஹாட்ஸ்பாட்தான். நான் வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு போட்டுக் கொடுப்பவள். தாக்கல் செய்யக் கடைசி நாளென்றால் லேப்டாப்பும் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

என் திட்டம் "அன்லிமிடெட் 5ஜி" என்றுதான் விற்கப்பட்டது. போனில் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது, தடையே இல்லை. ஆனால் அதே போனிலிருந்து லேப்டாப்புக்குக் கொடுத்தால் தினசரி 2 ஜிபி கணக்கில் கழிகிறது. அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுகிறது. அந்த வேகத்தில் ஜிஎஸ்டி தளத்தின் முதல் பக்கம்கூடத் திறக்காது. கஸ்டமர் கேரில் கேட்டேன். "அன்லிமிடெட் உங்க மொபைலுக்கு மட்டும்தான் மேடம், ஹாட்ஸ்பாட்டுக்கு இல்லை" என்றார் அந்தப் பெண். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு விதிமுறைகளைப் படிக்கச் சொன்னார். ரீசார்ஜ் செய்த பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை. எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. என் ஒருத்தியின் புகாரைத் தீர்த்துவைக்கும்படி கேட்டு இதை எழுதவில்லை.

லேப்டாப் போனின் பின்னால் இருப்பது நெட்வொர்க்குக்கு எப்படித் தெரிகிறது? நாம் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் ஒரு எண் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனிலிருந்து கிளம்பினால் வழக்கமாக அது 64. விண்டோஸ் லேப்டாப்பில் 128. வழியில் ஒவ்வொரு சாதனத்தைக் கடக்கும்போதும் ஒன்று குறையும். லேப்டாப்பின் பொட்டலம் போன் வழியாக வெளியே வரும்போது 127 ஆகிவிடும். அதை வைத்தே பின்னால் இன்னொரு சாதனம் இருப்பதாக அனுமானிக்கலாம். ஹாட்ஸ்பாட் பொத்தானை அழுத்தியதும் நிறுவனத்திடம் அனுமதி கேட்கும்படி போனையே அமைத்துவைக்கவும் முடியும். இவ்வளவு ஏற்பாடும் டவரின் பளுவைக் குறைப்பதற்கு அல்ல. ஒரு ஜிபி எந்தத் திரையில் தெரிந்தாலும் டவருக்கு அது ஒரு ஜிபிதான்.

காரணம் வேறு. 2023 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஏர்டெலும் ஜியோவும் ஏர்ஃபைபர் சேவையைத் தொடங்கின. அதே 5ஜி அலைவரிசையை வீட்டுக்கு ஒரு பெட்டி வைத்து, தனி மாதக் கட்டணத்துக்கு விற்கும் சேவை அது. போனிலிருந்தே வீடு முழுக்க நெட் கிடைத்தால் அந்தப் பெட்டியை யார் வாங்குவார்கள்? 2024 ஜூலையில் கட்டணங்களை உயர்த்தியபோது, நாளுக்கு 2 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள திட்டங்களுக்குத்தான் அன்லிமிடெட் 5ஜி என்றும் ஆக்கிவிட்டார்கள். கூடுதலாகப் பணம் கட்டித்தான் அந்தத் திட்டத்தில் இருக்கிறோம்.

ஐயா, இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் எழுத வேண்டாம். உங்கள் ஆணையமே எழுதியது இருக்கிறது. 2017 நவம்பர் 28 அன்று டிராய் கொடுத்த இணையச் சமத்துவப் பரிந்துரையில், அனுப்புபவர், பெறுபவர், நெறிமுறை ஆகியவற்றோடு பயனரின் சாதனத்தையும் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்யக் கூடாது என்று இருக்கிறது. 2018-ல் அரசு அதை ஏற்று, உரிம நிபந்தனைகளிலும் சேர்த்தது. போனுக்கு ஒரு கணக்கு, லேப்டாப்புக்கு ஒரு கணக்கு என்பது சாதனத்தைக் காரணம் காட்டிச் செய்யும் பாரபட்சம்தானே? நிறுவனங்களின் வக்கீல்கள் அந்த விதி உள்ளடக்கத்தைப் பற்றியது, கட்டணத்தைப் பற்றியது அல்ல என்று வாதிடலாம். அந்த வாதத்துக்கு இடமில்லாமல் செய்ய ஆணையத்தின் ஒரு பக்க விளக்கம் போதும்.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலைப் பார்த்துவிட்டன. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2010-ல் ஹாட்ஸ்பாட் போலப் பகிர்வதற்கு மாதம் 20 டாலர் தனியாக வாங்கியது. அதற்காகக் கூடுதல் டேட்டா எதுவும் தரவில்லை. பகிர்வதற்கு உதவும் செயலிகளை ஆண்ட்ராய்டு கடையில் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் செய்த விவகாரத்தில் வெரைசன் 2012-ல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு 12.5 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. ஜெர்மனியில் வோடஃபோன், சில செயலிகளின் டேட்டாவைக் கணக்கில் சேர்க்காத ஒரு பாஸ் விற்றது. ஹாட்ஸ்பாட்டில் பயன்படுத்தினால் மட்டும் கணக்கில் கழியும். நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2021 செப்டம்பர் 2 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு இணையச் சமத்துவ விதிகளுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. எனக்கு நடப்பதும் ஏறத்தாழ அதுதான்.

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஒரே சிம்மை வைத்துக்கொண்டு ஒரு சைபர் கஃபேயையே ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு சிக்னல் கிடைக்காது. மின்சாரத்திலும் வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு வயர் இழுத்தால் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் வீட்டுக்குள் ஓடுவது மிக்ஸியா ஃபேனா என்று மின்சாரம் தரும் மகாவிதரண் கேட்பதில்லை. ஆகவே அளவுக்கு வரம்பு வைக்கட்டும். மாதம் இத்தனை ஜிபி என்று சொல்லட்டும். அந்த வரம்பு எல்லாச் சாதனத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும், விளம்பரத்தில் "அன்லிமிடெட்" என்று போடுகிற அதே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

டேட்டாவே பயன்படுத்தாதவர்கள் ஏன் அதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும் என்று யோசித்து, 2024 டிசம்பரில் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் கொண்டுவரச் சொன்னது உங்கள் தலைமையில் இருக்கிற ஆணையம்தான். எங்கள் கட்டடத்தில் பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர்களுக்காக யாரோ டெல்லியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று அன்று சந்தோஷப்பட்டேன். அதே அக்கறையோடு, அம்மா வேலை முடிந்து போனோடு வீடு திரும்பும்வரை காத்திருந்து, இரவில் அதன் ஹாட்ஸ்பாட்டில் பழைய லேப்டாப்பை இணைத்துப் படிக்கும் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய 2 ஜிபி, பாடம் பாதியில் இருக்கும்போது தீர்ந்துபோகிறது.

டிராய் சட்டத்தின் 13-வது பிரிவு நிறுவனங்களுக்கு நேரடியாக உத்தரவிட உங்களுக்கு அதிகாரம் தருகிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி உரிமங்களுக்குப் பதிலாக அங்கீகார முறை வரும்போது, சாதனப் பாரபட்சத்துக்கு எதிரான அந்த நிபந்தனை ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் சொல்லி அதில் இடம்பெற வேண்டும். அதுவரை காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. எந்தக் கட்டணத் திட்டத்தையும் நடைமுறைக்கு வந்த 7 வேலை நாட்களுக்குள் நிறுவனங்கள் ஆணையத்துக்குத் தெரிவிக்கின்றன. அந்தத் தகவலோடு ஒரு கேள்விக்கும் பதில் கேளுங்கள்: இந்தத் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் வழியாகப் போகும் டேட்டா வேறு விதமாகக் கணக்கிடப்படுகிறதா? ஆம் என்று எழுதுகிற நிறுவனத்திடம் உரிம நிபந்தனையைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

இப்படிக்கு,
டோம்பிவிலி கிழக்கிலிருந்து ஒரு சந்தாதாரர்